கரடிக்கு எந்தத் தோக்கு?

“மச்சி... கரடிய நிறுத்தணும்னா எந்த கன்னுடே பெஸ்ட்?”

ராத்திரி பன்னிரண்டரை மணி. மறுநாள் காலையில ஹீட் டிரான்ஸ்ஃபர் இன்டர்னல். கட்டில்ல புக்கை விரிச்சு, அதுக்கு மேல மொபைலை சாய்ச்சு வெச்சு, நாங்க நாலு பேரும் ஒரு அலாஸ்கா ஆசாமியோட வீடியோவைப் பார்த்துட்டு இருந்தோம். மனுஷன் மேஜை மேல துப்பாக்கிகளை அடுக்கி வெச்சு, ஜவுளிக்கடைக்காரர் சேலை விரிக்கிற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுறார். 12 போர் பம்ப் ஷாட்கன், .44 மேக்னம் ரிவால்வர், .45-70 லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்... காட்டுக்குள்ள போறப்ப கரடி பாய்ஞ்சா எது கை கொடுக்கும்னு ஒரு மணி நேர லெக்சர்!

அவ்வளவுதான். ரூம் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சது. ஷாட்கன் கட்சி, ரிவால்வர் கட்சி. இதுல காமெடி என்னன்னா, நாங்க நாலு பேரும் நிஜத்துல கையால தொட்ட ஒரே துப்பாக்கி, கோயில் திருவிழாவுல பலூன் சுடுற ஏர் கன்தான். ஆனா பேச்சைக் கேட்டா மிலிட்டரி கேம்ப் தோத்துடும்.

சண்டை உச்சத்துல இருக்கும்போது ரப்பர் மெதுவா சொன்னான்: “நான் சும்மா கேக்கலடே. அப்பாவுக்கு ஒண்ணு வாங்கணும்.”

ரூம் கப்சிப்.

ரப்பர்ங்கிறது நாங்க வெச்ச பேர். குலசேகரத்துக்கு மேல, பேச்சிப்பாறைக்குப் பக்கத்துல அவன் வீடு. அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு வேலை. மூணு வாரத்துக்கு முன்னாடி விடியக்காலை வெட்டுக்குப் போன இடத்துல கரடி முன்னால மாட்டியிருக்கார். ஒரு கீறல்கூட இல்லாம வந்துட்டார். ஆனா, அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து வீட்டுல யாருக்கும் தூக்கம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒருத்தர், “நாட்டுத்தோக்கு ஒண்ணு கைவசம் இருக்கு, வேணுமா?”ன்னு வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போயிருக்கார். (நாகர்கோவில் பக்கத்துல நமக்குத் துப்பாக்கி. மேற்கே போகப்போக அதுவே தோக்கு!) அப்பா சனிக்கிழமை பதில் சொல்றதா சொல்லியிருக்கார்.

“சனிக்கிழமைக்குள்ள எது நல்லதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்”னான் ரப்பர்.

நானும் பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். நாகர்கோவில் டவுன்ல பொறந்து வளர்ந்த எனக்கு இந்த மாவட்டத்துல கடல் தெரியும், பாறை தெரியும், தோவாளைப் பூ தெரியும். கரடி இருக்குன்னு புத்தகத்துல படிச்சதோட சரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வடசேரியில பஸ் ஏறினோம். தக்கலைக்குக் கொஞ்சம் முன்னாடி புலியூர்க்குறிச்சியில, “இறங்குடே, ஒரு அரை மணி நேரம்”னு ரப்பரை இழுத்துட்டு உதயகிரி கோட்டைக்குப் போனேன். துப்பாக்கி ஆராய்ச்சின்னு கிளம்பிட்டு இந்த இடத்தைப் பார்க்காமப் போனா பாவம் சேரும்! 1741-ல குளச்சல் சண்டையில மார்த்தாண்ட வர்மா மகாராஜா டச்சுக்காரங்களைத் தோற்கடிச்சார். அப்போ பிடிபட்டவர்தான் டிலனாய். எதிரியா வந்த மனுஷன், கடைசியில திருவிதாங்கூர் பட்டாளத்துக்கே துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’ ஆயிட்டார். இந்தக் கோட்டைக்குள்ளதான் பீரங்கி வார்க்குற பட்டறை நடந்துச்சு. 1777-ல இறந்துபோன டிலனாயோட கல்லறை, மேல் கூரை இல்லாத ஒரு பழைய சர்ச்சுக்குள்ள இருக்கு. கல்லுல லத்தீனும் தமிழும் சேர்ந்து செதுக்கியிருக்காங்க.

இப்போ அந்தக் கோட்டை வனத்துறையோட பல்லுயிர்ப் பூங்கா. பீரங்கி வார்த்த இடத்துல மான் நிக்குது. ரப்பர் கல்லறையைப் பார்த்துட்டு, “இவருகிட்ட கேட்டா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பாரு”ன்னான்.

குலசேகரம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் ரப்பர்தான். வரிசை வரிசையா ஒரே அளவு, ஒரே சாய்வு, யாரோ ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. ஒவ்வொரு மரத்துலயும் கம்பியில ஒரு சிரட்டை. பேச்சிப்பாறை அணைக்கட்டு வரைக்கும் இதே காட்சி. 1897-ல ஆரம்பிச்சு 1906-ல முடிச்ச அணை. கட்டின இன்ஜினீயர் மிஞ்சினோட சமாதி அங்கேயே இருக்கு. கட்டின இடத்துலயே படுத்துக்கிட்ட இன்ஜினீயர்! நாம அரியர் எழுதி முடிக்கிறதுக்குள்ளயே கண்ணைக் கட்டுது. அணைக்கு அந்தப் பக்கம் மலை. மலைக்கு அந்தப் பக்கமும் மலை. சுமார் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். அதைத் தாண்டினா களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 2022-ல இதையெல்லாம் சேர்த்து அகஸ்தியமலை யானைகள் காப்பகம்னும் அறிவிச்சுட்டாங்க. அந்தக் காட்டோட கடைசி வேலி எதுன்னு கேட்டா... ரப்பர் மரம்தான். வேலின்னு சொல்றோம். கரடிக்கு அது வேலின்னு யார் போய்ச் சொல்றது?

ரப்பர் வீட்டுல சூடா கப்பையும் மீன் குழம்பும். அம்மா பரிமாறிட்டே முதல்ல சொன்னது, “நீயாவது இவன் அப்பாக்கிட்ட சொல்லு மக்கா. ஆபத்து வெளியில இருக்கது போதாதா, வீட்டுக்குள்ளயும் கொண்டாந்து வெக்கணுமா?”

அப்பா சிரிச்சார். ஒல்லியான ஆள். அம்பது வயசு இருக்கும். கரடிக் கதையைக் கேட்டதும், அதுவரைக்கும் சிரிச்ச முகம் மாறிப்போச்சு.

“காலத்த நாலரை மணி இருக்கும். ஏழாவது வரிசையில நிக்கேன். தலையில லைட்டு. முன்னால என்னமோ மண்ணைக் கிண்டுகுது. பன்னியாக்கும்னு நெனச்சேன். ‘ஹோய்’னு ஒரு சத்தம் குடுத்தேன். அது மூஞ்சியத் தூக்கிச்சு. நெஞ்சில வெள்ளையா ஒரு வளையம். அப்பம்தான் கரடின்னு அறிஞ்சேன். பதினஞ்சு அடி இருக்கும், கூடிப்போனா. புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுது பாத்துக்க... கையில இருந்த வெட்டுக்கத்தி கீழ விழுந்ததுகூட எனக்குத் தெரியாது. அது என்ன நெனச்சுதோ, திரும்பிப் போச்சு. நான் அங்கனயே இருந்துட்டேன், விடியற வரைக்கும்.”

“விடிஞ்சதுக்கு அப்புறம் வெட்டப் போனா என்னப்பா?”ன்னு கேட்டேன். டவுன் பையன் கேக்குற கேள்விதான்.

அப்பா பொறுமையா விளக்கினார். ராத்திரி குளிர்ச்சியில மரத்துக்குள்ள பால் முட்டிக்கிட்டு நிக்கும். (நம்ம பாஷையில சொன்னா பிரஷர் அதிகம்.) வெயில் ஏற ஏற அந்த அழுத்தம் குறையும், சிரட்டையில விழுற பாலும் குறையும். ஒருத்தர் தலையில ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மரம். ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு, பட்டையில ஒரு மெல்லிசு சீவு. ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலோட்டமாப் போனா பால் வராது. முடிச்சுட்டு மறுபடியும் மொத மரத்துலேர்ந்து பால் எடுக்கணும். ஆறரைக்கு ஆரம்பிச்சா இதெல்லாம் நடக்காது. பால் குறைஞ்சா காசும் குறையும். அந்தக் காசுலதான் எங்க காலேஜுக்கு ஒரு ஃபீஸ் வருதுன்னு அவர் சொல்லலை. ரப்பர் தட்டையே பார்த்துட்டு இருந்தான்.

சாப்பிட்டு முடிச்சதும் திண்ணையில உக்காந்து என் பெரியப்பா பொண்ணுக்கு போன் போட்டேன். அக்கா லா காலேஜ்ல ஃபைனல் இயர். ஸ்பீக்கர்ல போட்டேன்.

“அக்கா, கரடிக்குத் துப்பாக்கி வாங்கணும்.”

“கரடி லைசென்ஸ் வெச்சிருக்காடா?”

அக்கா அப்படித்தான்! ஆனா அடுத்த இருபது நிமிஷம் சொன்னதுல ஜோக் எதுவும் இல்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கேக்குறதுக்கே 21 வயசு ஆகணும். ஆக, இருபது வயசு நானும் ரப்பரும் முதல் ரவுண்டுலயே அவுட். அப்பா விண்ணப்பிக்கலாம். கலெக்டர்தான் கொடுக்கணும், போலீஸ் விசாரணை உண்டு, துப்பாக்கியைப் பத்திரமா வெச்சுக்குறதுக்கு உறுதிமொழி உண்டு. 2016-ல வந்த விதிகளுக்கு அப்புறம் கையாளத் தெரியும்னு பயிற்சிச் சான்றிதழும் வேணும். என்ன துப்பாக்கி கிடைக்கும்? பயிரைக் காப்பாத்தன்னா, குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற பழைய ரகம். தற்காப்புக்குன்னா குறைஞ்சது இருபது இன்ச் குழல் இருக்குற, உள்ளே வரி வெட்டாத துப்பாக்கி. நம்ம ஊர்ல ஒத்தக்குழல், இரட்டைக்குழல்னு சொல்றது அதைத்தான்.

“பயிர்ப் பாதுகாப்புன்னே கேக்கலாமே?”ன்னான் ரப்பர்.

“யார் பயிர்டா? தோட்டம் உங்களுதா?”

தோட்டம் அவங்களுது இல்லை. மரம் அவங்களுது இல்லை. பால் அவங்களுது இல்லை. கரடிக்கு முன்னால நிக்கிற உடம்பு மட்டும்தான் அவங்களுது. அக்காவும் ஒரு நிமிஷம் பேசலை.

அப்புறம் சொன்னா. அந்த ஆள் கொண்டு வர்ற நாட்டுத்துப்பாக்கி லைசென்ஸ் இல்லாதது. அது கையில இருந்தாலே, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். சுடவே வேண்டாம், பரண் மேல கிடந்தாலே போதும். சரி, லைசென்ஸ் துப்பாக்கியே இருக்குன்னு வெச்சுக்கோ. சரணாலயத்துக்குள்ள முதன்மை வன உயிரினக் காப்பாளரோட எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம ஆயுதத்தோட நுழையவே முடியாது. கரடி, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை. வேட்டையாடினா மூணுலேர்ந்து ஏழு வருஷம்.

“அப்ப கரடி கடிச்சா வாங்கிக்கிட்டு வரணுமா?” அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு.

“இல்ல சித்தப்பா. உயிரைக் காப்பாத்திக்க வேற வழியில்லாம, நல்லெண்ணத்தோட அடிச்சுக் கொன்னாகூட குத்தம் இல்லைன்னு அதே சட்டத்துல 11-வது பிரிவு சொல்லுது. ஆனா அதுக்கு ஒரு வால் இருக்கு. அந்த நேரத்துல அந்தச் சட்டத்தை மீறுற வேற காரியம் எதையும் நீங்க பண்ணிட்டு இருக்கக் கூடாது. அனுமதி இல்லாம துப்பாக்கியோட சரணாலயத்துல நின்னிருந்தா, அந்தப் பாதுகாப்பும் போயிடும். செத்த கரடி அரசாங்கச் சொத்து வேற.”

“கூர்க்ல எல்லார் வீட்லயும் துப்பாக்கி இருக்காமே?”ன்னு நான் எடுத்துவிட்டேன். இருக்கு. கொடவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்தே லைசென்ஸ் விலக்கு. 2019-ல அதை மறுபடியும் பத்து வருஷத்துக்கு நீட்டிச்சிருக்காங்க. “நாஞ்சில் நாட்டுக்கு அது கிடையாதுடா. போய்ப் படி!”ன்னு அக்கா கட் பண்ணிட்டா.

சட்டம் சொன்னா நம்மாளுங்க கேப்பாங்களா? ரப்பர் கேக்கலை. “ஜெயிலுக்குப் போனாலும் உயிரோட போகலாம்லா?”ன்னான். அதுல நியாயம் இருந்துச்சு. அதனால நான் நோட்டை எடுத்தேன். சட்டத்தை விடு மச்சி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம்!

நம்ம ஊர் கரடி மனுஷனைவிட வேகமா ஓடும். மணிக்கு 30 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். செகண்டுக்கு 8.3 மீட்டர். அப்பா பார்த்த தூரம் பதினஞ்சு அடி, அதாவது நாலரை மீட்டர். ஆக, அது முடிவெடுத்துட்டா நமக்குக் கிடைக்கிறது அரை செகண்டுக்குக் கொஞ்சம் மேல. இந்த நேரத்துக்குள்ள அப்பா கத்தியைக் கீழ போடணும், முதுகுல தொங்குற துப்பாக்கியை எடுக்கணும், நெற்றி லைட் வெளிச்சத்துல குறி பார்க்கணும், இடிச்ச மருந்து ராத்திரிப் பனியில நமுத்துப் போகாம இருக்கணும், குண்டு சரியான இடத்துல படணும். தவறினா, மறுபடி மருந்து இடிக்க அரை நிமிஷமாவது வேணும். கரடி டீ குடிச்சுட்டு வரும்னு நெனச்சாலும் பத்தாது.

“அலாஸ்காவுல பண்றாங்களே?”

அங்கேயும் கணக்குப் பார்த்திருக்காங்க. டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோன்னு கரடி ஆராய்ச்சிக்காரங்க. 1883-லேர்ந்து 2009 வரைக்கும் அலாஸ்காவுல துப்பாக்கி கையில இருந்தப்ப கரடி எதிர்ப்பட்ட 269 சம்பவங்களை எடுத்து அலசி, 2012-ல வெளியிட்டாங்க. கைத்துப்பாக்கிக்காரங்க 84 சதவிகிதம், நீளத் துப்பாக்கிக்காரங்க 76 சதவிகிதம் கரடியை நிறுத்தியிருக்காங்க. ரிவால்வர் கட்சிக்கு ஜெயம்னு அவசரப்பட வேண்டாம். முக்கியமான வரி அடுத்தது: கையில துப்பாக்கி வெச்சிருந்தவங்கள்ல சுட்டவங்களுக்கும் சுடாதவங்களுக்கும் அடிபட்டதுல பெரிய வித்தியாசமே இல்லை! ஏன்னா எடுக்க நேரம் இல்லை, குண்டு சிக்கிக்கிச்சு, குறி தவறிடுச்சு, அதுக்குள்ள கரடி மேலயே வந்துடுச்சு. இதே குழு 2008-ல மிளகாய் ஸ்ப்ரே பத்தி எழுதினதுல, பழுப்புக் கரடியை அது பத்துல ஒம்பது தடவைக்கு மேல நிறுத்தியிருக்கு. ஆனா அந்த ஸ்ப்ரே குலசேகரம் சந்தையில கிடைக்காது. அந்தக் கரடியும் நம்ம கரடி இல்லை.

இன்னொரு இடம் இருக்கு. எனக்குப் பொறாமையே வந்துடுச்சு. வட துருவத்துக்குப் பக்கத்துல, நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுகள்ல லாங்யர்பியன்னு ஒரு ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழக மையம். புதுசா சேர்ற ஸ்டூடன்ட்ஸுக்கு முதல் பாடமே பாதுகாப்புப் பயிற்சி. அதுல ரைஃபிள் சுடவும் கத்துக் கொடுக்குறாங்க! காரணம், பனிக்கரடி. ஊர் எல்லை தாண்டினா அதை விரட்டுறதுக்கு ஏதாவது கையில இருந்தே ஆகணும். ஆனா அங்கேயும் முதல்ல விலகிப் போகணும், அப்புறம் வெடிச்சத்தமும் வெளிச்சமும் காட்டி விரட்டணும், ரைஃபிள் கடைசியோ கடைசி. வெட்டவெளிப் பனியில கரடி தூரத்துல வர்றப்பவே தெரியுற இடம் அது. நம்ம ரப்பர் வரிசையில அது தெரியறதே பதினஞ்சு அடியில.

அப்பா என் நோட்டை வாங்கி, லைட்டுல பிடிச்சு, எழுத்துக்கூட்டி வாசிச்சார். “அரை செகண்டா?”ன்னார். மறுபடியும் வாசிச்சார். “எனக்கு அன்னைக்கு ஒரு மணிக்கூர் மாதிரி இருந்துதே.”

சனிக்கிழமை காலையில, வெட்டு முடிஞ்சு வந்த அப்பா எங்களைக் கோதையாறு பஸ்ல ஏத்தி மோதிரமலைக்குக் கூட்டிட்டுப் போனார். அவருக்குத் தெரிஞ்ச ஒரு காணிக்காரப் பாட்டா அங்கே இருக்கார். காணிகள் இந்த மலையோட பழங்குடி. அவங்க ஊர்த் தலைவருக்கு ‘மூட்டுக்காணி’ன்னு பேர், வைத்தியமும் சாமி காரியமும் பார்க்குறவர் ‘பிலாத்தி’. யானைக்குப் பயந்து மரத்து மேல ஏறுமாடம் கட்டி ராத்திரி காவல் இருந்தவங்க. கரடியைப் பத்தி இவங்களுக்குத் தெரியாதது இனிமேதான் யாராவது கண்டுபிடிக்கணும்.

பாட்டாவோட ஒரு பக்கக் கன்னம் உள்ளே இழுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு. நான் கேக்கலை. அவரே தொட்டுக் காட்டினார். “இது அதுக்க கைதான். சின்ன வயசுல. தேன் எடுக்கப் போனப்பம்.”

பாட்டா சொன்னதுல பாதி, நான் அப்புறம் புத்தகத்துல பார்த்தப்ப அப்படியே இருந்துச்சு. கரடிக்குக் கண்ணு மட்டம், காதும் மட்டம், மூக்குதான் எல்லாம். கறையான் புத்துல மூக்கை விட்டு உறிஞ்ச ஆரம்பிச்சா பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. மேல்வாயில முன்பல் ரெண்டு கிடையாது, அந்த இடைவெளி வழியாத்தான் உறிஞ்சுறது. அந்தச் சத்தமே தூரத்துல கேக்கும். அப்படி மெய் மறந்து தின்னுட்டு இருக்கிறப்ப திடீர்னு பக்கத்துல ஆள் நின்னா, பயத்துல பாயும். புலி இருக்குற காட்டுலயே வளர்ந்த மிருகம். ஓடினா புலி பிடிச்சுடும்னு அதுக்குத் தெரியும், அதனால ஓடாது, எதிர்த்து நிக்கும். நகம் நீளம். முகத்துக்கும் தலைக்கும்தான் வரும். குட்டி முதுகுல இருந்தா கேக்கவே வேண்டாம்.

“தோக்கு இருந்தா என்ன பாட்டா?”ன்னு ரப்பர் கேட்டான்.

பாட்டா வெத்தலையைத் துப்பிட்டு ஒரு கதை சொன்னார். அவரோட அப்பா காலத்துல, மேலே ஒரு எஸ்டேட்ல இருந்த துரை ஒருத்தர் இரட்டைக்குழலோட கரடி சுடக் கிளம்பினாராம். முதல் குண்டு பின்தொடையில பட்டுச்சு. ரெண்டாவது குண்டு எங்கேயோ போச்சு. துரைக்கு ஒண்ணும் ஆகலை. வழி காட்டக் கூடப் போன காணிக்காரர் மேல கரடி விழுந்துடுச்சு. “சுட்டது ஒருத்தன், கொண்டது ஒருத்தன். காயம் பட்ட கரடி ஒரு மாசம் இந்தக் காட்டுல நடந்துது. அந்த ஒரு மாசம் எங்க பொம்பளைங்க கிழங்கு எடுக்கப் போகல.”

அப்போ என்னதான் வழி? சத்தம். அவ்வளவுதானாம். “யானைன்னா சத்தம் போடாத, வழியை விடு. கரடின்னா வழியில சத்தம் போட்டுக்கிட்டே போ. நீ வருகான்னு அதுக்குத் தெரியணும்.” தனியாப் போகாதே. நாயைக் கூட்டிட்டுப் போகாதே, அது கரடியைச் சீண்டிட்டு உன் காலடிக்குத்தான் ஓடி வரும். அயனிச்சக்கையும் பலாவும் பழுக்குற காலத்துல அந்த மரத்தடிப் பக்கம் இருட்டுல போகாதே. புத்து புதுசாக் கிண்டியிருந்தா அன்னைக்கு அந்த வரிசையை விட்டுடு. கையில ஒரு நீளக் கம்பு. எல்லாம் மீறி மேல விழுந்துடுச்சா, குப்புறப் படு, ரெண்டு கையையும் கோத்துப் பின்கழுத்தை மூடிக்கோ, முகத்தை மண்ணுக்குள்ள வை. “முகத்தைக் குடுக்காத. முதுகு ஆறிடும். முகம் ஆறாது.” அதைச் சொல்றப்ப கன்னத்தைத் தொடலை. வேற எங்கேயோ பார்த்தார்.

வர்ற வழியில அப்பா, கடையம் சம்பவத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சார். உங்கள்ல நிறைய பேர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீங்க. 2022 நவம்பர்ல, தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்துல பைக்ல மசாலா விக்கப் போனவரைக் கரடி பிடிச்சுக்கிச்சு. காப்பாத்தப் போன ரெண்டு பேரையும் கடிச்சுது. மூணு பேருக்கும் முகத்துல பயங்கரமான காயம். சுத்தி ஊரே நின்னு கல்லெறிஞ்சு கத்தியும் அது விடலை. கடைசியில வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, களக்காடு காட்டுல கொண்டுபோய் விட்டாங்க. கரடி பிழைக்கலை, செத்துப்போச்சு. அந்தச் சம்பவம் மட்டும் எல்லாக் கணக்கையும் கலைச்சுப் போடுது. சத்தம் போட்டா போயிடும்ங்கிறது எல்லா நேரமும் நடக்காது. அப்பாவுக்கும் அது தெரியும். “அங்க ஒரு தோக்கு இருந்திருந்தா?”ன்னு அவர் கேட்டார். நான் யோசிச்சேன். ஒருத்தர் மேல கரடி, சுத்தி நூறு பேர், நடுவுல ஒரு நாட்டுத்துப்பாக்கி. எத்தனை பேர் மேல ஈயம் பட்டிருக்கும்னு நெனைச்சுப் பார்க்கவே பிடிக்கலை. ஆனா அதை அவர்கிட்ட அழுத்திச் சொல்ல எனக்கு வாய் வரலை. நான் ஞாயித்துக்கிழமை டவுனுக்குத் திரும்பிப் போற ஆள்.

சாயங்காலம் மூணு வெட்டுக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. சுக்கு காப்பி. பக்கத்துப் பக்கத்து பிளாக்ல வெட்டுறவங்க. இனிமே மூணு பேரும் ஒரே நேரத்துல, ஒரே முனையிலேர்ந்து ஆரம்பிக்கிறது. பத்து மரத்துக்கு ஒரு தடவை கூவுறது. பதில் வரலைன்னா நிறுத்திட்டுப் போய்ப் பார்க்கிறது. அடிக்காட்டைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கச் சொல்லித் தோட்டக்காரர்கிட்ட கேட்டிருக்காங்க. “பாக்கலாம்”னு பதில் வந்திருக்கு. ‘பாக்கலாம்’னா என்ன அர்த்தம்னு எங்க டிபார்ட்மென்ட்ல லேப் சிஸ்டம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு நல்லாவே தெரியும்.

அந்த ஆளுக்கு என்ன பதில்னு யாரும் கேக்கலை. பேச்சு எங்கெங்கேயோ சுத்திச்சு. 2023 ஜூன்ல மேல் கோதையாறு பக்கம் கொண்டுவந்து விட்ட அரிக்கொம்பன், அதுக்கு அடுத்த மாசம் சிற்றாறு பக்கம் ஆடு, மாடு அடிச்சு, கடைசியில வனத்துறைகிட்ட பிடிபட்ட புலி... ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு கதை. கரடிதான் இருக்கிறதுலயே சின்ன ஆளுன்னு ஒருத்தர் சொன்னார். அம்மா, “சின்ன ஆளா? உங்க மூஞ்சிக்கு அது போதும்”னுட்டு கிளாஸை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஞாயிறு காலையில நாலு மணிக்கு நானும் எழுந்துட்டேன். அப்பா வேண்டாம்னார். ரப்பர் வந்தா நானும் வருவேன்னு அடம். தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு உள்ளே நுழைஞ்சோம். இருட்டுன்னா அப்படி ஒரு இருட்டு. வெளிச்சம் விழுற வட்டம் மட்டும்தான் உலகம். அதுக்கு வெளியே என்ன வேணும்னாலும் இருக்கலாம். அப்பா சட்டைப் பையில மொபைல்ல ஜேசுதாஸ் பாடிட்டு இருந்தார், பழைய பாட்டு. “முந்தி பாட்டு வெச்சா மத்தவனுக்குத் தொந்தரவுன்னு வெக்க மாட்டேன். இப்பம் எல்லாவனும் வெக்கச் சொல்லுகான்.” தூரத்துல ஒரு கூவல். அப்பா பதிலுக்குக் கூவினார். இன்னும் தூரத்துலேர்ந்து மூணாவது கூவல். எனக்கும் கூவணும்போல இருந்துச்சு. கூவினேன். பூனை கத்தின மாதிரி வந்துச்சு. ரப்பர் விழுந்து விழுந்து சிரிச்சான்.

பதினொண்ணாவது வரிசையில அப்பா நின்னார். கையை நீட்டி எங்களைத் தடுத்தார். லைட்டைத் தாழ்த்தினார். ஒரு கறையான் புத்து, பக்கவாட்டுல ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டியிருக்கு. உதிர்ந்த மண் இன்னும் ஈரம். நாலஞ்சு நீளக் கீறல், சீப்பால இழுத்த மாதிரி. நான் மூச்சு விடலை. ஜேசுதாஸ் மட்டும் பாடிட்டே இருந்தார். அப்பா பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். ரெண்டு பெரிய கூவல் போட்டார். அந்த வரிசையையும் அடுத்த வரிசையையும் விட்டுட்டு, கீழ்ப்பக்கமா எங்களைக் கூட்டிட்டுப் போனார். அறுபது மரம் போச்சு அன்னைக்கு. அதுக்கு யாரும் காசு தரப் போறதில்லை.

அஞ்சரை மணிக்குப் பாட்டு நின்னு போன் அடிச்சுது. அந்த ஆள். இந்த நேரத்துல இவர் முழிச்சிருப்பார்னு தெரிஞ்சு கூப்பிடுறார். அப்பா திரையைப் பார்த்துட்டே நின்னார். நாங்க அப்பாவைப் பார்த்துட்டு நின்னோம். அடிச்சு ஓய்ஞ்சு, ஜேசுதாஸ் விட்ட இடத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சார். அப்பா குனிஞ்சு அடுத்த மரத்துல கத்தியை வெச்சார். மெல்லிசா ஒரு சீவு. வெள்ளையா ஒரு கோடு இறங்கி சிரட்டைக்குள்ள சொட்ட ஆரம்பிச்சுது.

நிமிராமலே கேட்டார்: “மக்கா, ஒனக்கு எப்பம் இருபத்தொண்ணு ஆவும்?”